ஏலாதவர் என்ற சொல்லும் அருள்மணி அக்காவும்

மாரி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த காலை அது. தரம் பத்துப் பிள்ளைகளுக்கு எங்கள் கரையோரக் கோட்டைகளைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மேசை இலாச்சிக்குள் கைபேசி அதிர்ந்தது. அடங்கி, உடனே மீண்டும் அதிர்ந்தது. அருள்மணி அக்கா வீட்டு மெர்லின் பாடசாலை நேரத்தில் எனக்கு அழைப்பதில்லை. எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தேன்.

"சேர், மாமி போயிட்டா," என்றாள். "நித்திரையில. தேத்தண்ணி கொண்டுபோய் எழுப்பினனான். எழும்பேல்லை," என்றாள். அவள் அழவில்லை. குசினியில் நின்று பேசுகிறாள் என்பது கேத்தில் கொதிக்கும் சத்தத்தில் தெரிந்தது.

வகுப்புக்குள் திரும்பி, ஒருவர் இறந்துவிட்டார் என்று சொன்னபோது முன்வரிசைப் பிள்ளை ஒன்று கேட்டது: "சேர், உங்கட சொந்தமோ?"

"ஓம்," என்றேன். அது இரத்த உறவைக் குறித்தால் பொய். வேறு எப்படிச் சொல்வதென்று அந்த நேரத்தில் தெரியவில்லை.

கலாநிதி அருள்மணியை நீங்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தில் அறிந்திருப்பீர்கள். நோர்வேயில் அவரோடு வேலை செய்தவர்கள் இருக்கிறீர்கள். டச்சு விரிகுடாக் கரையில் மாலை வேளைகளில் அவர் இருப்பதைப் பார்த்துத் தலையசைத்துப் போனவர்கள் இருக்கிறீர்கள். அவருடைய பட்டங்களையும் ஆய்வுகளையும் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் உண்டு. அவருடைய புத்தகத்தைத் தமிழில் ஆக்கும் வேலையில் கூட இருந்தவன் நான். அந்த வேலைக்குள் நடந்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

அவர் பிறந்தது டச்சு விரிகுடாவுக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில், ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில். தகப்பனார் துறைமுகத்தில் எழுதுவினைஞர். எண்பதுகளில் ஊர் எரியத் தொடங்கியபோது அவரை நோர்வேக்கு அனுப்பிவிட்டார்கள். வடகோடியில் ஒரு மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டினார். பிறகு பேர்கன் என்ற துறைமுக நகரத்துக்கு வந்தார். அங்கும் மழை ஓய்வதில்லையாம். "எங்கட மாரி வருஷம் முழுக்க நிண்டால் எப்படியிருக்கும், அதுதான் பேர்கன்," என்பார். அங்கே ஓர் அருங்காட்சியகத்தின் களஞ்சிய அறையில் துப்புரவு வேலை கிடைத்தது. பழைய தேவாலயச் சேமக்காலை ஒன்றின் கல்லறைகளிலிருந்து தோண்டியெடுத்த எலும்புகளைப் பற்தூரிகையால் கழுவி, காயவைத்து, பெட்டியில் அடுக்கும் வேலை அது. அங்கிருந்த ஆய்வாளர்கள் அவரைக் கவனிக்கத் தொடங்கியது அவர் கேட்ட கேள்விகளால்.

அந்தக் கேள்விகளில் முதலாவது ஒரு பெண்ணின் இடுப்பெலும்பைப் பற்றியது. மத்தியகாலத்தில் அந்த நகரத்தில் வாழ்ந்து இறந்த ஒரு முதிய பெண். பிறவியிலேயே ஒரு தொடையெலும்பு இடுப்புக் கிண்ணத்தில் பொருந்தாமல் மேலே ஏறி, தானாகவே ஒரு போலி மூட்டை உண்டாக்கியிருந்தது. அந்தக் கால் மெலிந்து, கட்டையாகப் போயிருந்தது. "இந்தக் காலோட இந்த மனிசி எப்படி இவ்வளவு வயது வரைக்கும் இருந்தவ?" என்று அக்கா கேட்டாராம். அதற்குப் பதில் தேடித்தான் அவர் பல்கலைக்கழகம் போனார். வட ஐரோப்பாவின் மத்தியகாலச் சமூகங்கள் நொண்டிகளை, குருடரை, செவிடரை, தொழுநோயாளரை எப்படிப் பார்த்தன, எங்கே வைத்தன என்பதே அவருடைய வாழ்நாள் ஆய்வாயிற்று. அந்தப் பெண்ணுக்கு அவர் பெயர் வைக்கவில்லை. எங்களோடு பேசும்போது "அந்த மனிசி" என்றே சொல்வார். பக்கத்து வீட்டில் இருப்பவரைச் சொல்வதுபோல் இருக்கும்.

ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியதும், தன் புத்தகத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழில் ஆக்க ஆள் தேடி எங்கள் பாடசாலைக்கு வந்தார். அதிபரின் அறை வாசலில் நின்றவர், முற்றத்தைக் கடந்து நான் வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கிட்ட வந்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"முழங்காலுக்குக் கீழயோ? இடது பக்கம்?"

நான் திகைத்துப்போனேன். எனக்கு ஒரு கால் இல்லையென்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் என் முகத்துக்கு நேரே கேட்பதில்லை. என் சொந்த ஊரான திரியாயில், இடம்பெயர்ந்து திரும்பி வந்த வருடத்தில், எங்கள் வயலுக்குப் போகும் பாதையில் கண்ணிவெடி மிதித்தவன் நான். அதற்குப் பிறகு என் காலைப் பற்றி மற்றவர்கள் எனக்குப் பின்னால்தான் கதைத்தார்கள்.

"ஓம்," என்றேன், முகத்தை இறுக்கிக்கொண்டு.

"வலது இடுப்பு நோகுமே?"

"நோகும்."

"இப்பிடியே நடந்தியளெண்டால் இன்னும் கூடும். செயற்கைக் காலின்ர உயரம் பிழை. மாத்தச் சொல்லுங்கோ." பிறகுதான் தன் பெயரைச் சொன்னார். கோபத்தோடுதான் வீட்டுக்குப் போனேன். ஆனால் காலின் உயரத்தைச் சரிபார்க்கப் போனேன். அவர் சொன்னது சரி. அடுத்த கிழமை அவருடைய வீட்டுக் கதவைத் தட்டினேன்.

மெர்லின் அவருடைய தம்பியின் மகள். பாலர் பாடசாலை ஆசிரியை. மாமியோடு அந்த ஒழுங்கை வீட்டில் இருந்தாள். நாங்கள் சாப்பாட்டு மேசையில் வேலை செய்தோம். முதல் பக்கத்திலேயே சண்டை. புத்தகத்தின் தலைப்பில் வரவேண்டிய சொல்லை நான் "மாற்றுத்திறனாளிகள்" என்று எழுதியிருந்தேன்.

"மாஸ்ரர், உங்களுக்கு என்ன மாற்றுத்திறன் இருக்கு?" என்று கேட்டார். அவர் என்னை எப்போதும் மாஸ்ரர் என்றுதான் அழைப்பார்.

"ஒண்டும் இல்லை அக்கா. ஆனா இப்ப அதுதான் மரியாதையான சொல்."

"நல்ல சொல். இந்தக் காலத்துக்கு எழுதேக்க அதைப் போடுங்கோ. ஆனா அந்தச் சனத்திட்ட அந்த எண்ணம் இருக்கேல்லை. நாங்கள் எங்கட எண்ணத்தை அவையின்ர வாயில திணிக்கக்கூடாது."

பிறகு விளக்கினார். அந்த வடநாட்டாரிடம் இவர்கள் எல்லோரையும் ஒன்றாகக் கட்டும் சொல் இருக்கவில்லை. நொண்டி என்றால் நொண்டி, குருடர் என்றால் குருடர். பெயரோடேயே சேர்த்து அழைப்பார்கள், அதில் கேலியும் இருக்கும், அடையாளமும் இருக்கும். நொண்டி என்று பெயர் பெற்ற ஒருவர் பெரிய பண்ணை வைத்து ஆட்களை ஆளவும் கூடும். ஆனால் அவர்களுடைய சட்டங்களில் வேறொரு சொல் இருந்தது. பழைய மொழியில் "ஓமகி". தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர் என்று பொருள். குழந்தையும் ஓமகி, தள்ளாத கிழவரும் ஓமகி, நெருப்பில் வீடு வாசல் போய் நடுத்தெருவில் நிற்பவரும் ஓமகி. அப்படிப்பட்டவரைப் பராமரிக்கும் பொறுப்பு எந்தெந்த உறவினருக்கு, எந்த வரிசையில் என்று சட்டம் சொன்னது. பண்ணையை ஆளும் நொண்டி ஓமகி அல்லர்.

"உடம்பின்ர வகையைச் சொல்லேல்லை பாருங்கோ. வாழ்க்கையில ஒரு நிலைமையைச் சொல்லுது. இதுக்குத் தமிழ் என்ன?"

நாள்கணக்காகத் தேடினோம். ஒரு நாள் மெர்லின் சந்தையிலிருந்து வந்து பையை வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு அம்மாவைப் பற்றிச் சொன்னாள்: "மாமி, பாவம் அவ. இப்ப கொஞ்ச நாளா ஏலாமல் இருக்கிறா." அக்கா பேனையைக் கீழே போட்டார். "ஏலாமல் இருக்கிறா! மாஸ்ரர், ஏலாதவர்! சொல்லுக்குச் சொல் அதேதான்!" என்று மேசையில் தட்டினார். நான் விரும்பவில்லை. எனக்கு ஏலாது, முடியாது என்று பிறர் சொல்லக் கேட்டே என் இளவயது போயிற்று. சொன்னேன். அவர் பேனையை மீண்டும் எடுத்தார். "சட்டம் அந்தச் சொல்லைச் சொல்லுற இடத்தில மட்டும் போடுவம். மற்ற இடங்களில நொண்டியை நொண்டியெண்டே எழுதுங்கோ. கூசாதேங்கோ. அவையின்ர கேலி தெரியவேணும்," என்றார். அப்படியே எழுதினோம்.

அவர் அந்தக் காலத்தை அழகுபடுத்தியவர் அல்லர். குழந்தைகளைக் காட்டில் விட்டுவிடும் பழைய வழக்கத்தைப் பற்றியும், கிறிஸ்தவத்துக்கு மாறிய பின்னர்கூடச் சில சட்டங்கள் பெருங்குறையோடு பிறந்த குழந்தைக்கு மட்டும் அந்தக் கதவைத் திறந்தே வைத்திருந்ததைப் பற்றியும் எழுதிய அதிகாரத்தை மொழிபெயர்த்த நாள்களில் வீட்டில் ஒருவரும் அதிகம் கதைக்கவில்லை. ஆனால் இன்றைய காலத்தை அழகுபடுத்துகிறவர்களையும் அவர் விடமாட்டார். நகரத்து மண்டபம் ஒன்றில் இந்தப் பொருளைப் பற்றிப் பேச அவரை அழைத்திருந்தார்கள். பெயர் வேண்டாம். வரவேற்புரை சொன்னவர், "அந்த இருண்ட காலத்தில் பிறக்காமல் இந்த நல்ல காலத்தில் பிறந்தோமே" என்று முடித்தார். கைதட்டினார்கள். அக்கா எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"வெளியில மரத்துக்குக் கீழ சக்கர நாற்காலியில ஒருத்தர் இருக்கிறார். அவர் ஏன் உள்ளுக்கு வரேல்லை?"

அவர் கிண்ணியாவிலிருந்து வந்திருந்த நஸீர் நானா. புடைவைக்கடை முதலாளி. கந்தளாய் வீதியில் லொறி மோதி இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர். மண்டபத்தின் படிகள் அவரை வெளியிலேயே நிறுத்திவிட்டன. ஏற்பாட்டாளர்கள் பதறி எழுந்தார்கள். "தூக்கிக்கொண்டு வாறம் மிஸ், இப்பவே தூக்கிறம்."

நஸீர் நானாவின் குரல் யன்னலால் கேட்டது. "வேணாம்! நான் என்ன அரிசி மூட்டையா? இஞ்சயே இரிக்கிறன். ஒங்கட பேச்சு இஞ்சயும் கேக்கும்."

"எனக்கு உங்கட முகம் தெரியவேணும்," என்று சொல்லிவிட்டு அக்கா இறங்கி வெளியே நடந்தார். கூட்டத்தில் பாதிதான் பின்னால் போனது. மற்றவர்கள் மின்விசிறியை விட்டு வரவில்லை. மரத்தடியில் படங்களைக் காட்ட வழியில்லை. காற்று குறிப்புத் தாள்களைப் பறித்துக்கொண்டு போயிற்று. அவர் மனப்பாடமாகவே பேசினார். திருத்தலங்களுக்குத் தவழ்ந்தும் தள்ளுவண்டியிலும் போன நோயாளர்களைப் பற்றிப் பேசியபோது, நஸீர் நானா இடையில் கேட்டார்: "அங்க படி இருந்ததா?"

"இருந்திருக்கும்," என்றார் அக்கா. "ஆனா வாசலில விட்டிட்டுக் கூட்டத்தை நடத்தினதாய் நான் வாசிக்கேல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். ஓட்டோவில் திரும்பி வரும்போது அக்கா சிரிக்கவில்லை. "எவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்த படங்கள் மாஸ்ரர். ஒண்டையும் காட்டேலாமல் போச்சு," என்று வீடுவரை புறுபுறுத்துக்கொண்டே வந்தார்.

புத்தகத்தில் கடைசி அதிகாரம் மட்டும் மிச்சமிருந்தபோது அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒருவரையும் பார்க்க மறுத்தார். மெர்லின் வேலையை விட்டுவிட்டு அவரைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், தூக்கி இருத்தினாள். ஒரு நாள் அவள் என்னை அழைத்தாள். "சேர், மாமி என்னமோ கதைக்கிறா. எனக்கு விளங்கேல்லை. கெதியா வாங்கோ."

போனேன். யன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தார். என்னைக் கண்டதும் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கண்ணில் நீர் வழிந்தது. அது நோர்வேஜிய மொழி. தமிழுக்கு முன் அதுதான் அவருக்குத் திரும்பி வந்திருந்தது. புத்தகத்தோடு மாரடித்ததில் எனக்குச் சில சொற்கள் தெரியும். "மெதுவாக" என்கிறார் என்று விளங்கியது. மெர்லினிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த சீப்பைப் பார்த்தாள். பிறகு மாமியைப் பார்த்தாள்.

"மாமி, தலை இழுக்கேக்க நோகுதோ? இவ்வளவு நாளும் நொந்ததோ?"

அக்கா ஓமென்று தலையசைத்தார்.

தமிழ் சிறிது சிறிதாக வந்தது. சொற்கள் இடம் மாறி வந்தன. யன்னலைக் கரண்டி என்பார், பிறகு தன் மீதே கோபப்பட்டு இடது கையால் நாற்காலியில் அடிப்பார். ஒருமுறை தேநீர்க் கோப்பையைச் சுவரில் எறிந்தார். அந்தக் கறை இப்போதும் இருக்கிறது. பேச்சு ஓரளவு திரும்பியதும் அவர் முதலில் கேட்டது கடைசி அதிகாரத்தை. வாசித்துக் காட்டச் சொன்னார். அது இடுப்பெலும்பு விலகிய அந்தப் பெண்ணைப் பற்றியது. இவ்வளவு குறையோடு ஒருவர் முதுமைவரை வாழ்ந்தாரென்றால், அவரை அன்போடு பார்த்துக்கொண்ட சமூகம் ஒன்று இருந்திருக்கிறது என்பது அதன் முடிவு. அக்காவை உலகம் அறிந்ததே அந்த முடிவால்தான். வாசித்து முடித்தேன்.

"பிழை," என்றார்.

நான் மெர்லினைக் குசினி வாசலுக்கு அழைத்துப்போய்ப் பேசினேன். அவள் குரலைத் தாழ்த்தினாள். "சேர், குறை நினைக்காதேங்கோ. மண்டையைப் போட்டுக் குழப்பக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவர். புத்தகம் முக்கியமோ, மாமி முக்கியமோ? உள்ளதை உள்ளபடி நீங்களே முடிச்சிடுங்கோவன்."

"நானும் அதைத்தான் யோசிச்சனான்," என்றேன். "அவவுக்கு இனி ஏலாது."

பின்னால் டங் என்று சத்தம் கேட்டது. அக்கா கரண்டியால் நாற்காலிப் பிடியில் அடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் கேட்டிருந்தது. பத்தடி தூரம்கூட இல்லை.

"ஆரைப் பற்றி... கதைக்கிறியள்?" ஒவ்வொரு சொல்லையும் தேடியெடுத்துச் சொன்னார். "நான் இஞ்ச... இருக்கிறன். என்னைக் கேட்டனீங்களோ?"

நாங்கள் இருவரும் திரும்பி உள்ளே வந்தோம்.

"என்ன ஏலாது? சொல்லுங்கோ மாஸ்ரர். நடக்க ஏலாது. ஓம். எழுத ஏலாது. ஓம். யோசிக்க ஏலும். எனக்கு... யோசிக்க ஏலும்."

மெர்லின் போய் அவருடைய கால்மாட்டில் நிலத்தில் இருந்துவிட்டாள். மாமியின் மடியில் முகத்தை வைத்து அப்போதுதான் அழுதாள். அக்கா இடது கையை அவளுடைய தலையில் வைத்தார். நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "என்ன பிழையெண்டு சொல்லுங்கோ அக்கா. எழுதுறன்," என்றேன்.

அன்றிலிருந்து காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவர் களைக்கும்வரை மட்டும் வேலை செய்தோம். களைத்துவிட்டால் அவரே கையைத் தூக்குவார். எங்களில் ஒருவரும் அதை அவருக்காக முடிவு செய்வதில்லை. அவர் சொன்னவற்றை ஒழுங்காகக் கோத்து இங்கே தருகிறேன்.

"மெர்லின் என்னில உயிர். அதில சந்தேகமில்லை. ஆனா அவள் தலை இழுக்கேக்க எனக்கு நொந்தது. நான் சொல்லேல்லை. அவளும் பாவம், வேலையை விட்டிட்டு இருக்கிறாள், அவளுக்கு எப்படிச் சொல்லுறதெண்டு பேசாமல் இருந்தனான். பார்க்கிறவளின்ர மனம் நோகக்கூடாதெண்டு படுத்திருக்கிறவளும் ஒரு வேலை செய்யிறாள் மாஸ்ரர். அதை நான் ஒரு இடத்திலயும் எழுதேல்லை. அந்த மனிசியைப் பார்த்து, அன்பாய்ப் பார்த்தவை எண்டு எழுதிப்போட்டன். உயிரோட வைச்சிருந்தவை எண்டது மட்டும்தான் எலும்பில இருக்கு. அன்போ, கடமையோ, ஏச்சோ, எனக்குத் தெரியாது. மூண்டும் ஒரே நாளில இருந்திருக்கும்."

இன்னொரு நாள் அட்டவணைகளை எடுக்கச் சொன்னார். அந்தப் பெண்ணின் மேற்கை எலும்புகள் ஆண்களுடையதைப்போலத் தடித்திருந்தன. முன் பற்களில் நூலைக் கடித்து இழுத்ததால் வந்த தேய்வுக் கோடுகள் இருந்தன. இரண்டையும் அவர் முன்பே பார்த்திருந்தார். பின்னிணைப்பில் ஒரு வரியாகப் போட்டிருந்தார்.

"பார்த்தியளோ, நான் காலைத்தான் பார்த்தனான். எல்லாரும் காலைத்தான் பார்க்கிறது. கையையும் பல்லையும் பின்னால போட்டிட்டன். இந்த மனிசி வாழ்நாள் முழுக்க வேலை செய்திருக்கிறா. தைச்சிருக்கிறா, நூல் இழுத்திருக்கிறா. அவவை ஆர் பார்த்தவை எண்டு முப்பது வருஷமாய்க் கேட்டனான். அவ ஆரைப் பார்த்தவ எண்டு ஒரு நாளும் கேக்கேல்லை."

நான் தயங்கினேன். மற்ற நாடுகளில் வந்த பதிப்புகளில் பழைய முடிவுதானே இருக்கிறது, தமிழில் மட்டும் மாற்றினால் ஆய்வாளர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன்.

"அருள்மணிக்கு மண்டை பிசகிப்போச்சு எண்டு சொல்லுவினம்," என்றார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. "சொல்லட்டும். என்ர பாஷையில சரியாய் இருக்கவேணும்."

பின்னிணைப்பில் கிடந்த கையும் பல்லும் கடைசி அதிகாரத்தின் முதல் பந்திக்கு வந்தன. அதிகாரம் பாதியாகச் சுருங்கியது. முடிவில் இருந்த அந்தப் புகழ்பெற்ற வாக்கியத்தை அவரே தன் இடது கையால் வெட்டினார். கோடு நேராக வரவில்லை. என்னை விடவில்லை, பேனையைப் பிடித்து அவரேதான் கீறினார்.

அவர் நோய்ப்பட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டு நஸீர் நானா தன் வானில் வந்தார். உள்ளே வந்து ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவின் சக்கர நாற்காலியைச் சுற்றிப் பார்த்தார்.

"இது தள்ளுறவனுக்குச் செஞ்ச கதிர. இருக்கிறவளுக்குச் செஞ்சதில்ல. ஒரு கையால ஓட்டுற மாதிரி ஒண்டு இரிக்கி. கொண்டு வாறன்."

கொண்டு வந்தார். ஒரு மாலையில் அக்காவையும் அவரையும் நானும் மெர்லினும் டச்சு விரிகுடாக் கரைக்குக் கூட்டிப்போனோம். சரிவான இடத்தில் முன்பக்கமாக இறங்கினால் விழுந்துவிடுவோம், பின்பக்கமாக இறங்கவேண்டும் என்று நஸீர் நானா செய்துகாட்டினார். அக்கா செய்யப் பார்த்து ஒரு பக்கமாகவே வட்டமடித்துக்கொண்டிருந்தார். நான் பிடிக்கப் போனேன்.

"விடுங்க மாஸ்டர்," என்றார் நஸீர் நானா. "விழுந்தா மணல்தானே."

விழவில்லை. பல தரம் வட்டமடித்து, கடைசியில் பின்பக்கமாக இறங்கி நாற்காலியை நிறுத்தினார். எங்கள் பையில் வடை இருந்தது. எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்களில் ஒன்று கரைப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்தது; அது வந்து கடதாசியோடு இழுத்துக்கொண்டு போயிற்று. நஸீர் நானா அதை ஏசிக்கொண்டே துரத்தப் பார்த்தார். அக்கா சத்தமாகச் சிரித்தார். பாரிசவாதத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். கடலைப் பார்த்தபடி, "அந்த மனிசியும் இப்படி எங்கயாவது சிரிச்சிருப்பா, என்ன?" என்று கேட்டார். "எழுதுவமோ அக்கா?" என்றேன். "வேண்டாம். ஆதாரம் இல்லை," என்றார்.

அச்சுப்படிகளை முழுவதும் வாசித்துக் காட்டினேன். கேட்டுத் திருத்தினார். புத்தகத்தைக் கையில் வாங்க அவர் இருக்கவில்லை.

அடக்கம் அவர் இறந்த மறுநாள் மழைக்குள் நடந்தது. சேமக்காலை வாசலில் நஸீர் நானாவின் நாற்காலி சேற்றில் புதைந்தது. இளைஞர்கள் சிலர் ஓடிப்போனார்கள். கிட்டப் போனதும் ஒருவன் நின்று, "நானா, நாங்க என்ன செய்யட்டும்?" என்று கேட்டான். "பலகை போடுங்க," என்றார் அவர். கல்லறைக் கட்டடத்துக்கு வைத்திருந்த பலகைகளை எடுத்து ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டார்கள். அவர் தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு குழிவரை வந்தார். மெர்லினுக்குப் பக்கத்தில் நாற்காலியை நிறுத்தி மண் போட்டார். குருவானவர் அவர் வந்து சேரும்வரை செபத்தைத் தொடங்காமல் காத்திருந்தார்.

போவதற்குச் சில நாள்கள் முன்பு அக்கா ஒரு பகிடி சொன்னார். "என்னைப் புதைப்பியள் தானே. நானூறு ஐந்நூறு வருஷம் போக ஒரு பெட்டை வந்து தோண்டுவாள். பற்தூரிகையால கழுவுவாள். வலது கை மெலிஞ்சிருக்கு, கடைசிக் காலத்தில ஆரோ நல்லாப் பார்த்திருக்கினம் எண்டு எழுதுவாள். அது உண்மைதான். ஆனா அது மட்டும்தான் அவளுக்குக் கிடைக்கும்."

தோண்ட வரும் அந்தப் பெட்டைக்குக் கிடைக்காதவை என்னிடம் இருக்கின்றன. தேநீருக்கு வைத்தியர் தடுத்த சீனியை மெர்லினுக்குத் தெரியாமல் போடச் சொல்லிக் கண்ணைக் காட்டியது. தொலைக்காட்சியில் யாராவது தமிழைப் பிழையாகச் சொன்னால் நோர்வேஜிய மொழியில் ஏசியது. தாளம் தப்பிய குரலில் முணுமுணுத்த தேவாலயப் பாட்டு. வாழ்நாள் உழைப்பின் பெறுபேறான வாக்கியத்தை வெட்டிவிட்டு, பசிக்கிறது, இடியப்பம் இருக்கிறதா என்று கேட்டது. இவற்றில் ஒன்றும் எலும்பில் பதியாது. ஆதாரமும் இல்லை. ஆனாலும் எழுதிவைக்கிறேன்.